குழம்பிய கடலில் மீன் பிடிப்பவர்கள்



‘குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறான்’ என்று நம் ஊரில் ஒருவனைச் சொன்னால் அது வசவு. இன்றைக்கு நான் பேசப்போவதோ, அந்தக் காரியத்தையே நேர்மையாக, எலும்பைத் துளைக்கும் குளிரில் நின்று, கைக்காசையும் செலவழித்துச் செய்கிறவர்களைப் பற்றி. இடம், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே அட்லாண்டிக் கடல் உள்ளே புகுகிற பிரிஸ்டல் கால்வாய்; அதன் மேல்முனையில் உள்ள செவர்ன் ஆற்றுக் கழிமுகம். பருவம், ஐப்பசி கடைசியிலிருந்து மாசி வரை. மீன், காட்.

காட் என்றதும் இங்கே பலருக்கும் ஞாபகம் வருவது சிறு வயதில் அம்மா வாயில் திணித்த மஞ்சள் மாத்திரையாக இருக்கும். காட் லிவர் ஆயில். அந்த ஈரலுக்குச் சொந்தக்கார மீனை நம்மில் யாரும் பார்த்திருக்க மாட்டோம். முதுகில் மூன்று துடுப்பு, வயிற்றின் பின்பக்கம் இரண்டு, விலாவில் தலையிலிருந்து வால் வரை ஓடும் ஒரு வெள்ளைக் கோடு, பெரிய தலை, தலைக்கேற்ற பெரிய வாய், கீழ்த்தாடையில் ஒற்றை மீசை. இந்த மீசைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஓதம். சென்னைக் கடற்கரையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாட்களில்கூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான். மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவருக்குக் கடல் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. பிரிஸ்டலை ஒட்டிய ஏவன்மவுத் துறைமுகத்தில் இந்த வித்தியாசம் 14 மீட்டர் வரை போகும். உலகத்திலேயே மிகப் பெரிய ஓதங்களில் ஒன்று. கனடாவின் ஃபண்டி வளைகுடா இதையும் மிஞ்சும். இந்தியாவில் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது குஜராத்தின் காம்பத் வளைகுடா.

14 மீட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் ஏறி, அடுத்த ஆறு மணி நேரத்தில் இறங்குகிறது. அதுவும் சீராக அல்ல. தொடக்கத்தில் மெதுவாக, நடுவில் வெறி பிடித்தாற்போல, முடிவில் மறுபடி மெதுவாக. நடு மணி நேரத்தில் மட்டும் மூன்றரை மீட்டர் ஏறிவிடும் என்பது மாலுமிகளின் வாய்க்கணக்கு. அதாவது நிமிடத்துக்கு ஆறு சென்டிமீட்டர் அளவில். கல்லில் காலை வைத்து நின்றுகொண்டு பூட்ஸைக் கவனித்தால், ஈரம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

காரணம் இரண்டு. பிரிஸ்டல் கால்வாய் மேற்கே அகலமாக வாய் திறந்து, கிழக்கே போகப்போகக் குறுகி, தரையும் மேடாகிக்கொண்டே போகிறது. உள்ளே வரும் நீருக்குப் பக்கவாட்டில் இடமில்லை, கீழேயும் இடமில்லை. மேலே ஏறுவது ஒன்றுதான் வழி. இன்னொன்று, அந்தக் கால்வாயின் நீளமும் ஆழமும் சேர்ந்து, அதற்குள் நீர் இயல்பாக ஆடும் கால அளவு, சந்திரன் கடலை இழுக்கிற பன்னிரண்டரை மணி நேரத் தாளத்துக்கு நெருக்கமாக அமைந்துவிட்டது. ஊஞ்சலை அது ஆடுகிற தாளத்திலேயே தள்ளினால் வீச்சு கூடத்தானே செய்யும்.

பஞ்சாங்கம் பார்க்கிற நமக்கு ஒரு விஷயம் சுலபமாகப் புரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஓதம். அஷ்டமியை ஒட்டிச் சின்ன ஓதம். அப்போது வித்தியாசம் பாதி அளவுக்கு இறங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், ஓர் ஊரில் பெரிய ஓதத்தின் உச்சம் எப்போதுமே ஒரே வேளையில்தான் வரும். ஏவன்மவுத்தில் அது காலையும் மாலையும் 7, 8 மணி வாக்கில். சின்ன ஓதத்தின் உச்சம் பகல் 1, 2 மணி வாக்கிலும், பிறகு நடுநிசிக்குப் பின்னும். ஆகவே அங்கே உள்ள தூண்டில்காரர் நிலாவைப் பார்த்தே, நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் காலடிக்கு வரும் என்று சொல்லிவிடுவார். அவர் சட்டைப்பையில் ஓத அட்டவணைப் புத்தகமும் இருக்கும், அது வேறு விஷயம்.

இவ்வளவு நீர் நாளுக்கு இரண்டு முறை உள்ளே பாய்ந்து வெளியே ஓடினால் அடியில் உள்ள வண்டல் படிய நேரம் ஏது? செவர்ன், வை, அஸ்க், ஏவன், பாரட் என்று எத்தனையோ ஆறுகள் வந்து சேருமிடம் அது. பெரிய ஓத நாட்களில் நீரில் கலந்து திரியும் வண்டலை ஆய்வாளர்கள் கோடி டன் கணக்கில் சொல்கிறார்கள். கடல் நீலமாக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பால் குறைத்துப் போட்ட டீயின் நிறம். ஒரு கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது.

முதல் தடவை அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது, இதில் எந்த மீன் இருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது. கண் தெரியாத நீரில் மீனுக்கு என்ன வேலை? ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். இந்த உரையில் நான் சொல்ல வந்ததும் அதுதான். காட் அங்கே சேற்றைப் பொறுத்துக்கொண்டு வருவதில்லை. சேற்றுக்காகவே வருகிறது.

சேறு என்றால் சாப்பாடு. வண்டலில் புழு, புழுவைத் தின்ன இறால், இறாலைத் தின்ன சின்ன மீன். சாமர்செட் கரையில் ஹிங்க்லி பாயின்ட் அணுமின் நிலையம் இருக்கிறது. குளிரூட்டுவதற்காக அது கடல்நீரை உறிஞ்சியபோது சல்லடையில் மாட்டிய மீன்களையும் இறால்களையும் 1981 முதல் மாதந்தோறும் எண்ணிப் பதிந்து வந்திருக்கிறார்கள். ஒரே இடத்தில், ஒரே முறையில், இத்தனை காலம் தொடர்ந்த மீன் கணக்கு உலகத்தில் அதிகம் கிடையாது. அணுமின் நிலையத்தின் சல்லடை அறிவியலுக்கு இப்படி உதவும் என்று கட்டினவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கணக்கில் திரும்பத் திரும்ப வருவது பழுப்பு இறால். குளிர்காலத்தில் ஸ்ப்ராட் என்ற சின்ன வெள்ளி மீனும் கூட்டமாக வரும். அதுவும் காட்டுக்கு இரைதான்.

சேறு இன்னொரு சலுகையும் தருகிறது: இருட்டு. தெளிந்த நீர்க் கரைகளில் பெரிய காட் பகலில் கரையை நெருங்காது. தூண்டில்காரர் ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வேண்டும். பிரிஸ்டல் கால்வாயில் நீருக்கடியில் நடுப்பகலும் ராத்திரிதான். பட்டப்பகலில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மேயும். அங்கேதான் அந்த மீசைக்கு வேலை. காட்டின் மீசையிலும், தாடைக்குக் கீழே நீண்டிருக்கும் வயிற்றுத் துடுப்பின் நுனியிலும் சுவை அறியும் மொட்டுகள் இருக்கின்றன. அது தரையைத் தடவிக்கொண்டே, நாக்கால் நடக்கிற பிராணி. கண்ணை நம்பிப் பிழைக்கிற மீன்கள் அங்கே திணறும். காட்டுக்கு அது விருந்து மண்டபம்.

இதிலிருந்து தூண்டில்காரரின் முழு சாஸ்திரமும் பிறக்கிறது. இரை மணக்க வேண்டும். பளபளப்பு, வண்ணம் எதுவும் உதவாது. வற்றிய கரையில் தோட்டம் கொத்தும் முள்கரண்டியால் தோண்டி எடுக்கும் லக்வார்ம் என்ற கடற்புழுதான் முதல் இரை. மேலே சுருள் சுருளாக மணல் கழிவு கிடக்கும். பக்கத்தில் சின்னக் குழி. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை சாண் ஆழத்தில் புழு. அதை நீண்ட ஊசியில் நீளவாக்கில் கோத்து, ஊசி முனையைத் தூண்டில் முள்ளின் முனையோடு சேர்த்து, அப்படியே முள்ளின் மீது தள்ளிவிடுவார்கள். ஒன்று போதாது. மூன்று, நான்கு புழுக்கள் வரிசையாக ஏறியதும் நுனியில் ஒரு துண்டு கணவாயைச் செருகி, மெல்லிய மீள்நூலால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். புழுவின் சாறு விரலில் பட்டால் மஞ்சள் கறை. சோப்பு போட்டாலும் போகாது. மறுநாள் அலுவலகத்தில் அந்த விரல்களைப் பார்த்தே, நேற்று விடுமுறை எதற்கு என்று தெரிந்துகொள்வார்கள். நீரோட்டத்தில் சாறு கழுவிப் போய்விடும் என்பதால் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துப் புது இரை மாட்ட வேண்டும். சோம்பேறிக்கு அங்கே மீன் இல்லை.

அடுத்தது, அந்த இரையைத் தரையில் நிறுத்துவது. சாதாரண ஈயக்குண்டை வீசினால் அது நிற்காமல் உருண்டு ஓடிக் கரைக்கே திரும்பிவிடும். ஆகவே 150 முதல் 170 கிராம் எடையுள்ள ஈயத்தில் நான்கு கம்பிகள் பதித்திருப்பார்கள். விரிந்த கம்பிகள் தரையைப் பற்றிக்கொள்ளும். வலுவாக இழுத்தால் பின்னால் மடங்கி விட்டுவிடும். வீசுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓட்டம் வலமிருந்து இடமாக ஓடுகிறது என்றால், நேரே வீசக் கூடாது, வலப்பக்கமாக, ஓட்டத்துக்கு எதிரே வீச வேண்டும். ஈயம் தரை தொட்டதும் தூண்டில் நரம்பை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். தளர்ந்த நரம்பை ஓட்டம் வில்லாக வளைக்கும். அந்த வில்லின் இழுப்பு ஈயத்தைத் தூக்காமல் கிடைவாக்கில் இழுக்கும். கம்பிகள் இன்னும் ஆழமாகப் பதியும். நரம்பை விறைப்பாகப் பிடிக்கிற புதியவரின் ஈயம் ஐந்து நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவர் காலடியில் சிக்கலாகக் கிடக்கும். அப்புறம் அவர் சொல்கிற வார்த்தைகளை இந்த மேடையில் சொல்ல முடியாது.

மீன் கடிப்பதும் அங்கே தலைகீழ். தூண்டிலைத் தாங்கியில் சாய்த்து வைத்திருப்போம். ஓட்டத்தின் இழுப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று அடிக் கம்பின் நுனி வளைந்து நிற்கும். மற்ற இடங்களில் மீன் கடித்தால் நுனி இன்னும் வளையும். இங்கே நுனி இரண்டு தடவை தலையசைக்கும். உடனே கம்பு நேராக நிமிர்ந்துவிடும். நரம்பு தொளதொளவென்று தொங்கும். காட் இரையை வாயில் போட்டுத் திரும்பியதில் ஈயத்தின் பிடி விட்டு, மீன் ஓட்டத்தோடு நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். புதியவர் ‘அறுந்துபோச்சு’ என்று அலுத்துக்கொள்வார். தெரிந்தவர் ஓடிப்போய்க் கம்பை எடுத்துச் சுற்றுவார், சுற்றுவார், எதுவுமே இல்லாத நரம்பைச் சுற்றிக்கொண்டே பின்னால் நடப்பார். கடைசியில் அந்தப் பக்கம் ஒரு கனம் தட்டும்.

பாறை மிகுந்த தரையில் இழுக்கும்போது ஈயம் இடுக்கில் மாட்டினால் மீனும் போச்சு. அதற்காகவே ஒரு ஏற்பாடு. ஈயத்துக்கும் முள்ளுக்கும் இடையே ஓடும் நரம்பு ஒரு வளையத்தின் வழியாக வழுக்கிப் போகும். மீனின் எடை முள்ளின் பக்கத்தை இழுக்க, மறுபக்கத்தில் ஈயம் தானாக வளையம் வரை ஏறிவிடும். மேலே தொங்கியபடி ஈயம், அதன் பின்னால் மீன் என்று இரண்டும் பாறைக்கு மேலாக வந்து சேரும். நம் கிணற்று ராட்டினத்தைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இடங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. போர்ட்டிஸ்ஹெட் ஊரில் பேட்டரி பாயின்ட் என்ற முனை. துறைமுகத்துக்குப் போகும் ஆழமான வழித்தடம் அந்த முனையை உரசிக்கொண்டு போவதால், கார்களை ஏற்றி வரும் ராட்சதக் கப்பல் கல் எறிகிற தூரத்தில் நகரும். தூண்டிலோடு நிற்கிறவர் வேகவேகமாக நரம்பைச் சுற்றிக்கொண்டு வழி விட வேண்டும். கப்பல் போன பின்னால் எழும் அலை பாறையில் ஏறி ஆளைப் பிடுங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே பெரிய ஓத நாளில் நடு மணி நேரங்களில் எந்த ஈயமும் நிற்காது. விவரமானவர்கள் அஷ்டமியை ஒட்டியே போவார்கள். கொஞ்சம் தெற்கே கிளீவ்டன் ஊரில் 1869-இல் திறந்த நடைபாலம் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அவ்வளவு ஒல்லியான கால்கள் ஏன் அவ்வளவு உயரம் என்று நீர் ஏறியிருக்கும்போது புரியாது, வற்றியபின் புரியும். எதிர்க்கரையில், வேல்ஸில், லாவர்னாக் முனை. 1897 மே 13 அன்று மார்க்கோனி கடலைத் தாண்டி முதல் கம்பியில்லாத் தந்திச் செய்தியைப் பெற்றது அங்கேதான். எதிரே தெரியும் ஃபிளாட் ஹோம் தீவிலிருந்து. இன்று அங்கே நிற்கிறவர்களுக்கு மார்க்கோனியைவிட, அங்கிருந்து சற்று மேற்கே உள்ள பாரி ஊர்ப் பாறையில் 1966-இல் ஏறிய காட்தான் முக்கியம். 44 பவுண்டு 8 அவுன்ஸ், நம் கணக்கில் இருபது கிலோவுக்கு மேல். பிரிட்டனில் கரையிலிருந்து பிடித்த காட்டில் அதுதான் சாதனை என்று பதிவு சொல்கிறது.

பாறையில் நிற்பது ஒரு ரகம். சேற்றில் இறங்கி நடப்பது வேறு. பிரிட்ஜ்வாட்டர் வளைகுடாவின் ஓரத்தில் ஸ்டோல்ஃபர்ட் என்ற சிற்றூரில் பல தலைமுறையாக ஒரு குடும்பம் ‘சேற்றுக் குதிரை’ என்ற மரச்சறுக்கலில் வயிற்றைச் சாய்த்துப் படுத்து, கால்களால் உந்தித் தள்ளிக்கொண்டு, வற்றிய சேற்றுப் பரப்பில் வெகுதூரம் போய், நட்டுவைத்த வலைகளில் இறாலும் மீனும் எடுத்து வந்திருக்கிறது. நின்று நடந்தால் புதைந்துவிடுவோம் என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்த வண்டி அது. வெளியூர்க்காரர்களுக்கு அந்த அபாயம் தெரியாது. அதே வளைகுடாவின் பர்ன்ஹாம் கரையில் நீர் வற்றும்போது ஒரு மைலுக்கும் மேலே விலகிப் போகும். மேலே காய்ந்தாற்போல் இருக்கும் சேறு, பத்தடி போனதும் முழங்காலைப் பிடிக்கும். காலை அசைக்க அசைக்க இளகி இன்னும் உள்ளே வாங்கி, அசைவை நிறுத்தியதும் இறுகும். அதற்குள் ஓதம் திரும்பிவிடும். அந்தக் கரையில் மீட்புக்கு ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறார்கள், படகு போக முடியாது, வண்டியும் போக முடியாது என்பதால்.

ஒரு சரித்திர விநோதத்தையும் சொல்லியாக வேண்டும். 1497-இல் ஜான் கபோட் என்ற வெனிஸ்காரர் ‘மாத்யூ’ என்ற சின்னக் கப்பலில் பிரிஸ்டலிலிருந்து கிளம்பி, இதே பழுப்புத் தண்ணீரில் இறங்கி, அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் போனார். திரும்பி வந்தவர்கள் சொன்ன கதையை லண்டனில் இருந்த மிலான் தூதர் எழுதிவைத்தார்: அங்கே வலைகூட வேண்டாம், கூடையில் கல்லைக் கட்டி இறக்கினால் மீன் ஏறுகிறது. அந்த மீன் காட். ஐந்நூறு ஆண்டு ஐரோப்பாவே போய் அள்ளியது. 1992 ஜூலையில் கனடா அரசு அந்தக் காட் மீன்பிடியை நிறுத்தியபோது, பல்லாயிரம் பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். கூடைக்கு வந்த மீன் வலைக்கும் இல்லாமல் போனது.

கபோட் புறப்பட்ட கால்வாயிலும் இப்போது அதே கதைதான், சின்ன அளவில். அங்கே குளிர்காலத்தில் வரும் காட், செல்டிக் கடல் கூட்டத்தைச் சேர்ந்தது. கார்ன்வாலின் வடகரையில் ட்ரெவோஸ் முனைக்கு வெளியேதான் அதன் முக்கியமான முட்டையிடும் தளம். ஒரு பெரிய பெண் மீன் பல லட்சம் முட்டை இடும். முட்டைக்குக் குறைவில்லை, வளர விடுவதில்தான் குறை. முட்டையிட மீன்கள் ஒன்றுகூடும் காலம் பார்த்துத்தான் இழுவை மடிக் கப்பல்களும் கூடின. 2005 முதல் அந்தத் தளத்தைப் பிப்ரவரி, மார்ச்சில் மூடுகிறார்கள். ஆனால் வொயிட்டிங், ஹாடாக் என்று வேறு மீனுக்குப் போடும் மடியிலும் காட் வந்து விழுகிறது. அதற்கு மடியில் தனி வாசல் கிடையாது. கடலும் சூடாகிவருகிறது. ஐரோப்பாவில் காட்டின் தெற்கு எல்லை ஏறத்தாழ அதுதான். எல்லையில் இருக்கிறவனுக்குத்தான் முதல் அடி. 2020-ஆம் ஆண்டுக்கான பரிந்துரையிலிருந்து சர்வதேசக் கடல் ஆய்வு மன்றம் அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றுகூடப் பிடிக்க வேண்டாம் என்றே சொல்லி வருகிறது.

கரைத் தூண்டில்காரர்கள் இதற்குக் காரணமா என்று கேட்டால், இல்லை என்பதே என் தீர்ப்பு. ஆனால் சாட்சி அவர்கள்தான். ஒரு காலத்தில் குளிர்காலம்தோறும் ஒவ்வொரு முனையிலும் வரிசையாக ஆள் நின்ற இடங்களில் இப்போது திருக்கைக்கும் வொயிட்டிங்குக்கும் இரை கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். காட் என்றைக்காவது வந்தால் அன்று அது செய்தி. அதே ஓதம் அதே நேரத்துக்கு வருகிறது, அதே சேறு அதே இறாலை வளர்க்கிறது. விருந்து மண்டபம் அப்படியே இருக்கிறது. விருந்தாளியை நடுக்கடலிலேயே பிடித்துவிட்டார்கள்.

இந்த அரங்கில் இருப்பவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரிஸ்டலிலோ கார்டிஃபிலோ படிப்புக்கும் வேலைக்கும் போயிருக்கக்கூடும். கடலில் தூண்டில் போட அங்கே உரிமம் வேண்டாம். ஆகவே ஆசை வந்தால் தடையில்லை. அவர்களிடம் மூன்று விஷயம் சொல்லிவையுங்கள். ஏவன்மவுத் ஓத அட்டவணையைப் பார்க்காமல் கரைக்குப் போகக் கூடாது. வற்றிய சேற்றில் எதற்காகவும் இறங்கக் கூடாது. யாராவது மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் உதவப் பாயாமல் 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேட்க வேண்டும். காட் கிடைத்தால், 35 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. அதற்கு மேல் உள்ளதையும், முள்ளை ஆழமாக விழுங்காமல் உயிரோடு இருந்தால், ஈரக்கையால் பிடித்துத் திருப்பி விட்டுவிடச் சொல்லுங்கள். கறிக்குத் திருக்கை இருக்கிறது, வொயிட்டிங் இருக்கிறது.